மார்சியானோ அலியை வீழ்த்தியிருப்பாரா?

1969ஆம் ஆண்டு கோடைக்காலம். அமெரிக்காவின் மயாமியில் ஒரு ஸ்டுடியோவுக்குள் குத்துச்சண்டை மேடை போட்டிருக்கிறார்கள். பார்வையாளர்கள் கிடையாது. ஒரு மூலையில் ராக்கி மார்சியானோ. ஓய்வுபெற்றுப் பதின்மூன்று வருஷம் ஆகிவிட்டது, வயது 45. இந்த ஒரு வேலைக்காகவே சுமார் இருபது கிலோ இளைத்து, வழுக்கை தெரியாமல் இருக்க விக் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். எதிர் மூலையில் முகமது அலி, வயது 27. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது ராணுவத்தில் சேர மறுத்ததால் பட்டமும் போய், மேடை ஏறும் உரிமமும் போய், வருமானத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்த காலம் அது. இருவரும் ஒரு நிமிஷ ரவுண்டுகளாகச் சுமார் எழுபது ரவுண்டு நடித்துக் கொடுத்தார்கள். அலி விழுவதுபோல ஒன்று, மார்சியானோ தோற்பதுபோல ஒன்று என்று பல முடிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். எது திரைக்கு வரும் என்பது இருவருக்குமே தெரியாது. அதைக் கம்ப்யூட்டர் சொல்லும் என்றார் தயாரிப்பாளர் மரி வோரோனர்.

இந்தக் கூத்து 1967இல் வானொலியில் தொடங்கியது. பல தலைமுறை ஹெவிவெயிட் சாம்பியன்களின் விவரங்களை என்சிஆர் 315 என்ற கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, அது சொன்ன முடிவுகளை வைத்து நேரடி வர்ணனை மாதிரி ஒலிபரப்பினார்கள். இறுதிச் சுற்றில் மார்சியானோ ஜாக் டெம்ப்ஸியை வீழ்த்தினார். அலியோ காலிறுதியிலேயே ஜேம்ஸ் ஜெஃப்ரீஸிடம் தோற்றுப்போனார். ஜெஃப்ரீஸ் 1899இல் பட்டம் வென்ற ஆள். தன் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று அலி பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அந்த வழக்கு சமாதானத்தில் முடிந்தபோது பிறந்ததுதான் மயாமிப் படப்பிடிப்பு.

1970 ஜனவரி 20 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் படம் ஓடியது. பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோ அலியை நாக்-அவுட் செய்தார். அதைப் பார்க்க மார்சியானோ இல்லை. படப்பிடிப்பு முடிந்து மூன்றே வாரத்தில், 1969 ஆகஸ்ட் 31 அன்று, விமான விபத்தில் இறந்துவிட்டார். பிறகு அதே படம் ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே போட்ட பிரதியில் அலி ஜெயித்தார். கடலைத் தாண்டியதும் கம்ப்யூட்டர் மனசு மாறிவிட்டது!

வெவ்வேறு காலத்துக் குத்துச்சண்டை வீரர்களை ஒப்பிடும் எந்த வாதத்தைக் கேட்டாலும் எனக்கு இந்த இரண்டு பிரதிகளும்தான் ஞாபகத்துக்கு வரும். "அலி பெரியவரா, மைக் டைசன் பெரியவரா?" என்று ஆரம்பித்தால் ராத்திரி முழுக்கப் பேசலாம். பேசுகிறவர்களுக்கு விஷயம் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஆளுக்கொரு கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், அதனால்தான் வாதம் எங்கேயும் சேருவதில்லை.

"யார் பெரியவர்" என்ற ஒரு கேள்விக்குள் குறைந்தது மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இருவரையும் அவரவர் உச்சக் காலத்தில் ஒரே மேடையில் ஏற்றினால் யார் ஜெயிப்பார்? இது கற்பனைச் சண்டை. அவரவர் காலத்தில் கூட இருந்தவர்களைவிட யார் அதிகம் ஓங்கி நின்றார்? இது சரித்திரம். உடம்பின் அளவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் யாருடைய கலை உயர்ந்தது? இதைத்தான் பாக்சிங்காரர்கள் 'பவுண்டுக்குப் பவுண்டு' என்பார்கள். மூன்றுக்கும் ஒரே ஆள் பதிலாக வரவேண்டிய அவசியமே இல்லை. என் பதில்களை வரும்போது சொல்கிறேன். அதற்கு முன், ஒப்பிடும்போது கால் இடறும் இடங்களைப் பார்த்துவிடலாம்.

உடம்பு

குத்துச்சண்டையில் எடைப் பிரிவுகள் உண்டு. ஒரே எடைக்காரர்கள்தான் மோதவேண்டும். மேலே எல்லை இல்லாத ஒரே பிரிவு ஹெவிவெயிட். அங்கேதான் காலம் பளிச்சென்று தெரியும். மார்சியானோவின் உயரம் 5 அடி 10 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், எடை ஏறக்குறைய 85 கிலோ. டெம்ப்ஸியும் அதே எடைதான். இன்றைக்கு இருவரையும் ஹெவிவெயிட்டில் சேர்க்கவே மாட்டார்கள். 90.7 கிலோ வரைக்கும் க்ரூசர்வெயிட் என்று தனிப் பிரிவு இருக்கிறது, அது வந்ததே 1980ஐ ஒட்டித்தான். இந்தக் காலத்து டைசன் ஃப்யூரி 6 அடி 9 அங்குலம். 2024 மே மாதம் ஒலெக்சாண்டர் உசிக்கோடு மோதியபோது அவர் எடை 119 கிலோ.

கை நீளத்தையும் பார்க்கவேண்டும். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால் விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை உள்ள அளவை 'ரீச்' என்பார்கள். அலிக்கு 78 அங்குலம். மார்சியானோவுக்கு 68கூட முழுசாக இல்லை என்பார்கள். ஹெவிவெயிட் சாம்பியன்களிலேயே மிகக் குட்டையான கைகளில் ஒன்று. வித்தியாசம் ஒரு சாணுக்கு மேல். ஒரு கைக்கு என்று பிரித்துப் பார்த்தால் அரைச் சாண். கேட்க ஒன்றுமில்லை மாதிரி இருக்கும். நின்றபடி ஒரு நண்பரின் நெற்றியைத் தொடுங்கள்; அவர் அரைச் சாண் பின்னால் போகட்டும்; மறுபடி தொட்டுப் பாருங்கள். உடம்பையே முன்னால் தள்ளாமல் எட்டாது. தள்ளுகிற அந்தக் கண்ணிமைப்பில்தான் எதிராளியின் ஜேப் மூக்கில் வந்து உட்காரும். ஜேப் என்பது முன்னால் இருக்கும் கையை நேராக நீட்டிக் குத்துவது. அலியின் தொழிலே அதுதான்.

அப்படியானால் பெரிய உடம்பு ஜெயிக்கும் என்று எழுதிக் கணக்கை முடித்துவிடலாமா? முடியாது. 1919 ஜூலை 4, டொலிடோ நகரத்தில் டெம்ப்ஸிக்கு எதிரில் நின்ற ஜெஸ் வில்லார்ட் 6 அடி 6 அங்குலத்துக்கும் மேல், 111 கிலோ. முதல் ரவுண்டிலேயே ஏழு தடவை தரையில் விழுந்தார். (விழுந்தவர் எழும்போது பக்கத்திலேயே நின்று அடிக்கலாம் என்ற காலம் அது. இன்றைய விதிப்படி டெம்ப்ஸி தூர மூலைக்குப் போய் நின்றிருக்கவேண்டும்.) பெரிய உடம்பு எல்லாக் காலத்திலும் இருந்தது. அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு நன்றாகச் சண்டை போடத் தெரிந்தவர்கள் பெருகியதுதான் புதுசு. அந்த வரிசையில் லென்னக்ஸ் லூயிஸ், க்ளிட்ச்கோ சகோதரர்கள், ஃப்யூரி என்று சொல்லிக்கொண்டு போகலாம். அந்த ஃப்யூரியையும் 2024 மே மாதம் ரியாத்தில் உசிக் புள்ளிகளில் தோற்கடித்தார். உசிக் 6 அடி 3 அங்குலம், 101 கிலோ. அலியின் உயரமும் அதுவே. 1974இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரத்தில் ஜார்ஜ் ஃபோர்மனோடு மோதியபோது அலியின் எடை 98 கிலோ.

ஆகவே "பழைய ஆட்கள் எல்லாரும் இன்றைக்குச் சின்னப் பையன்கள்" என்கிற பேச்சு மார்சியானோவுக்கும் டெம்ப்ஸிக்கும் பொருந்தும். அலிக்குப் பொருந்தாது.

பன்னிரண்டா, பதினைந்தா?

புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

இன்றைக்கு உலகப் பட்டத்துக்கான சண்டை பன்னிரண்டு ரவுண்டு. ரவுண்டு மூன்று நிமிஷம். 1980கள் வரை பதினைந்து ரவுண்டு. 1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதிய தென் கொரிய வீரர் கிம் டுக்-கூ பதினான்காவது ரவுண்டில் விழுந்து, சில நாளில் இறந்தார். அதன் பிறகுதான் அமைப்புகள் ஒவ்வொன்றாகப் பன்னிரண்டுக்கு இறங்கின. இன்னும் பின்னால் போனால் எல்லை இன்னும் விரியும். 1915இல் ஹவானா வெயிலில் ஜாக் ஜான்சன் வில்லார்டிடம் பட்டத்தை இழந்தது 26ஆவது ரவுண்டில். ஒப்பந்தத்தில் இருந்தது 45 ரவுண்டு.

இதை வெறும் விதி மாற்றம் என்று தாண்டிப் போகமுடியாது. 1952 செப்டம்பர் 23, ஃபிலடெல்ஃபியா. சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட், வயது 38. மார்சியானோ அதுவரை தோற்றதே இல்லை, ஆனால் பட்டத்துக்கு மோதுவது இதுதான் முதல் தடவை. முதல் ரவுண்டிலேயே வால்காட் இடது கையை வளைத்து அடித்த ஹூக்கில் மார்சியானோ கீழே விழுந்தார். எழுந்து சண்டை போட்டார், ஆனால் பன்னிரண்டு ரவுண்டு முடிந்தபோது மூன்று தீர்ப்பாளர்களின் புள்ளித் தாளிலும் வால்காட்தான் முன்னால். பதின்மூன்றாவது ரவுண்டு தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கயிற்றோரம் இருவரும் ஒரே சமயத்தில் வலது கையை வீசுகிறார்கள், மார்சியானோவுடையது ஒரு நொடித் துணுக்கு முன்னால் போய்ச் சேருகிறது. நீண்ட வீச்சுகூட இல்லை, ஓரடி தூரம்தான் இருக்கும். வால்காட்டின் முகம் ஒரு பக்கமாகத் திருகிப்போகிறது. அப்படியே சரிந்து, ஒரு கை கயிற்றில் மாட்டிக்கொள்ள, மண்டியிட்டு முன்னால் மடங்குகிறார். எழவில்லை.

இன்றைய விதியில் அந்தப் பதின்மூன்றாவது ரவுண்டே கிடையாது. வால்காட் புள்ளியில் ஜெயித்து வீட்டுக்குப் போயிருப்பார். மார்சியானோவின் புகழே 49 சண்டை, 49 வெற்றி, தோல்வி பூஜ்யம் என்பதில் நிற்கிறது. அந்தப் பூஜ்யம் மூன்று ரவுண்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

முப்பது, நாற்பதுகளின் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸுக்கும் அதே கதை உண்டு. 1941 ஜூன் மாதம் பில்லி கான் என்ற, அவரைவிடப் பத்துப் பதினைந்து கிலோ குறைந்த ஆள் பன்னிரண்டு ரவுண்டு முடிவில் மூன்றில் இரண்டு தாள்களில் முன்னால் இருந்தார். மூன்றாவது தாளில் சமம். பதின்மூன்றில் நாக்-அவுட் செய்து வீழ்த்திவிடலாம் என்று கான் உள்ளே புகுந்தார், லூயிஸ் அவரைக் கீழே தள்ளிவிட்டார். ரவுண்டு முடிய இரண்டு நொடிதான் பாக்கி.

எதிர்ப்பக்கமும் உண்டு. பன்னிரண்டு ரவுண்டுதான் என்று தெரிந்திருந்தால் மார்சியானோ அதற்கேற்றபடி முன்னாலேயே வேகத்தைக் கூட்டியிருக்கமாட்டாரா? கூட்டியிருக்கலாம். அதனால் "இன்றைய விதியில் அவர் தோற்றிருப்பார்" என்று அடித்துச் சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் இரண்டு காலத்து ஆட்களை மேடையேற்றும்போது முதலில் கேட்கவேண்டியது இதுதான்: யாருடைய விதியில்? டெம்ப்ஸி காலத்துக் கையுறை ஐந்தாறு அவுன்ஸ், இன்றைய ஹெவிவெயிட் கையுறை பத்து அவுன்ஸ். அதையும் முடிவு செய்துகொள்ளவேண்டும்.

எந்த அலி?

1980இல் அலி சென்னைக்கு வந்தார். ஜிம்மி எல்லிஸோடு நேரு ஸ்டேடியத்தில் ஒரு காட்சிச் சண்டை போட்டார். எம்ஜிஆரோடு எடுத்த படம் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் "நான் அலியைப் பார்த்தவன்" என்று சொல்லிக்கொள்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும், எனக்குப் பொறாமைதான். ஆனால் அவர்கள் பார்த்தது 38 வயது அலி. அதே வருஷம் அக்டோபரில் லாரி ஹோம்ஸ் அவரைப் பத்து ரவுண்டு அடித்தார். பதினொன்றாவது ரவுண்டுக்கு அலியை அவர் மூலையில் இருந்தவர்கள் அனுப்பவில்லை. அது ஏறக்குறைய ஒரு நோயாளியை அடித்த மாதிரி இருக்கும்.

ஆக, அலி என்று சொன்னால் எந்த அலி என்று கேட்கவேண்டும். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் க்ளீவ்லாண்ட் வில்லியம்ஸோடு நடந்த சண்டை வீடியோவாகக் கிடைக்கிறது. சத்தத்தை அணைத்துவிட்டு அலியின் காலை மட்டும் பாருங்கள். குதிகால் தரையில் படுவதே அபூர்வம். வலதும் இடதுமாக நழுவிக்கொண்டே, பின்னால் போகும்போதே அடிக்கிறார். 96 கிலோ ஆள் செய்கிற வேலையா அது! வில்லியம்ஸ் மூன்று ரவுண்டு தாங்கவில்லை. அடுத்த வருஷமே தடை வந்துவிட்டது. மூன்றரை வருஷம் கழித்துத் திரும்பி வந்த அலிக்கு அந்தக் கால் இல்லை. அடி வாங்கிக்கொள்ளக் கற்றுக்கொண்ட, தந்திரம் தெரிந்த வேறொரு அலி. 1974இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஃபோர்மனைக் களைக்க வைத்தது அந்த இரண்டாவது அலி. ஜனங்கள் அதிகம் நேசிப்பது இவரை; சண்டைக்கலையில் உயர்ந்தவர் முதலாமவர் என்பது என் கட்சி.

மயாமி கம்ப்யூட்டர் சண்டையை மறுபடி நினைத்துப் பாருங்கள். என் முதல் கேள்விக்கான பதில் இங்கே வந்துவிடுகிறது: 1966 அலியை 1952 மார்சியானோ பிடித்திருக்கவே மாட்டார். மார்சியானோ குனிந்து வந்து கை, தோள், விலா என்று கிடைத்த இடத்தில் எல்லாம் அடிப்பார். அடிக்க ஆள் எதிரில் நிற்கவேண்டுமே. மூக்கும் புருவமும் கிழிந்து நடுவர் நிறுத்தியிருப்பார். 1954இல் எஸ்ஸார்ட் சார்ல்ஸோடு நடந்த இரண்டாவது சண்டையில் மார்சியானோவின் மூக்கு நுனி இரண்டாகப் பிளந்து ரத்தம் நிற்கவே இல்லை. சண்டையை நிறுத்திவிடுவார்களோ என்ற நிலையில் எட்டாவது ரவுண்டில் சார்ல்ஸை வீழ்த்தினார். ஐரோப்பியப் பிரதி சரி என்கிறேன். அமெரிக்கப் பிரதிக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

அ, ஆ, இ

கணக்கில் அ பெரிது ஆவைவிட, ஆ பெரிது இயைவிட என்றால் அ பெரிது இயைவிட. குத்துச்சண்டையில் இந்தக் கணக்கு ஓடாது. 1971இல் ஜோ ஃப்ரேசியர் அலியைத் தோற்கடித்தார். 1973இல் ஜார்ஜ் ஃபோர்மன் ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை கீழே தள்ளினார். அப்படியானால் ஃபோர்மன் அலியைச் சாப்பிட்டிருக்கவேண்டும். 1974இல் அலி ஃபோர்மனை எட்டாவது ரவுண்டில் நாக்-அவுட் செய்தார். அலியின் தாடையை உடைத்து ஜெயித்த கென் நார்ட்டன் இருக்கிறாரே, அவர் ஃபோர்மனிடம் இரண்டு ரவுண்டுகூடத் தாங்கவில்லை.

காரணம் பாணி. ஃப்ரேசியர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே உள்ளே வருவார். அந்த நெருக்கத்தில் அலியின் நீளக் கைக்கு வேலை இல்லை. அதே நெருக்கம் ஃபோர்மனுக்கு விருந்து, கீழேயிருந்து தூக்கி அடிப்பார். ஃபோர்மனுக்கு ஆகாதது பொறுமையாகக் காத்திருக்கும் ஆள். ஒருவருக்கு மருந்தானது இன்னொருவருக்கு விஷம். ஒரே காலத்தில், ஒரே விதியில், ஒரே மேடையில் மோதியவர்களிடமே இப்படி என்றால் ஐம்பது வருஷ இடைவெளியில் என்ன சொல்வது? அதனால்தான் "இவர் அவரை வென்றார், அவர் இன்னாரை வென்றார்" என்று சங்கிலி கட்டுபவர்களிடம் நான் ஜாக்கிரதையாக இருப்பேன்.

பூஜ்யத்தின் மயக்கம்

தோல்வி என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் புது ரசிகர்கள் மயங்கிவிடுவார்கள். மார்சியானோ 49-0, ஃப்ளாய்ட் மேவெதர் 50-0. இப்போது ஷுகர் ரே ராபின்சனைப் பாருங்கள். ஏறக்குறைய 200 சண்டை, 19 தோல்வி. இவர் கீழா?

1943 பிப்ரவரி மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 5ஆம் தேதி டெட்ராய்டில் ஜேக் லமோட்டாவிடம் ராபின்சன் தோற்கிறார். நாற்பது வெற்றிக்குப் பிறகு வந்த முதல் தோல்வி. 19ஆம் தேதி நியூயார்க்கில் ஜாக்கி வில்சனோடு மோதி ஜெயிக்கிறார். 26ஆம் தேதி மறுபடி டெட்ராய்ட், மறுபடி அதே லமோட்டா, இந்த முறை வெற்றி. மூன்று வாரத்தில் மூன்று சண்டை, அதில் இரண்டு தன்னைவிடக் கனமான முரடனோடு. இன்றைய சாம்பியன்கள் வருஷத்துக்கு இரண்டு சண்டை போட்டால் பெரிசு. அந்த பிப்ரவரியில் தோற்றவர் அடுத்து தோற்றது 1951 ஜூலையில், லண்டனில் ராண்டி டர்பினிடம். அந்த 19இல் பெரும்பாலானவை முப்பத்தைந்து வயதுக்கு மேல், 44 வயதுவரை விடாமல் மேடை ஏறியதால் சேர்ந்தவை. பவுண்டுக்குப் பவுண்டு என்ற சொல்லே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது சும்மா இல்லை. என் மூன்றாவது கேள்விக்குப் பதில் அவர்தான். யோசிக்கவே வேண்டியதில்லை.

பட்டங்களை எண்ணுவதிலும் இதே ஆபத்து. 1938இல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் ஒரே சமயத்தில் மூன்று எடைப் பிரிவுகளில் சாம்பியன். அன்றைக்கு இருந்த பிரிவுகளே எட்டு, ஒரு பிரிவுக்குப் பொதுவாக ஒரு சாம்பியன். இன்றைக்குப் பதினேழு பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு அமைப்புகள், நான்கு பெல்ட்டுகள். "ஐந்து பிரிவில் பட்டம் வென்றவர்" என்று இன்று ஒருவரை அறிவிக்கும்போது இந்தப் பெருக்கல் கணக்கையும் மனசில் வைத்துக்கொள்ளவேண்டும்.

சிலருடைய கணக்கில் பாதி சாட்சியமே இல்லை. ஹாரி க்ரெப் என்றொருவர். 1919 என்ற ஒரே வருஷத்தில் 45 சண்டை போட்டவர். ஜீன் டன்னி தன் வாழ்நாளில் தோற்ற ஒரே ஆள் இவர்தான். டெம்ப்ஸியை இரண்டு தடவை வென்ற டன்னி! க்ரெப் சண்டை போடும் படச்சுருள் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. கிடைக்கிற பழைய சுருள்களையும் அப்படியே நம்பக்கூடாது. கையால் சுற்றிய கேமராவில் நொடிக்குச் சுமார் 16 படம் எடுத்ததை நொடிக்கு 24 ஓடும் கருவியில் போட்டால் எல்லாரும் கோழி மாதிரி துள்ளுவார்கள். "அந்தக் காலத்துக்காரனுக்குச் சண்டையே தெரியாது" என்று சிரிப்பவர்களில் பாதிப்பேர் சிரிப்பது அந்தக் கருவியைப் பார்த்து.

யார் உள்ளே, யார் வெளியே

அவரவர் காலத்தில் ஓங்கி நின்றவர் யார் என்ற கேள்விக்கு ஒரு முன்கேள்வி உண்டு. அந்தக் காலத்தில் மேடை ஏற யாருக்கெல்லாம் அனுமதி இருந்தது? ஜாக் ஜான்சன் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத டாமி பர்ன்ஸைத் துரத்திக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கே போகவேண்டியிருந்தது. 1908 டிசம்பர் 26, சிட்னி. முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன். 1915இல் அவர் தோற்ற பிறகு, 1937இல் ஜோ லூயிஸ் வரும்வரை இன்னொரு கறுப்பருக்கு ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பே கொடுக்கவில்லை. டெம்ப்ஸி ஏழு வருஷம் சாம்பியனாக இருந்தார். வரிசையில் நின்ற கறுப்பின வீரர் ஹாரி வில்ஸோடு கடைசிவரை மோதவே இல்லை. அதனால் டெம்ப்ஸி காலத்து ஆதிக்கத்தில் எப்போதும் ஒரு கழிவு போட்டுத்தான் நான் பார்ப்பேன்.

பிற்காலத்தில் வேறொரு கதவு மூடியிருந்தது: கம்யூனிஸ்ட் நாடுகளில் காசுக்குச் சண்டை போட அனுமதி இல்லை. கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன் 1972, 1976, 1980 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர், தொழில்முறைக்கு வரவே இல்லை. சோவியத் ஒன்றியத்திலும் அப்படித்தான். அந்தக் கதவு திறந்த பிறகு வந்தவர்கள்தான் உக்ரைனின் க்ளிட்ச்கோ சகோதரர்களும் உசிக்கும். இன்றைய ஆட்களுக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சொல்வதானால் இதைத்தான் சொல்வேன்: இவர்கள் போட்டி போடுவது உலகம் முழுவதோடும். என் இரண்டாவது கேள்விக்கு மட்டும் இன்னமும் ஜோ லூயிஸ்தான். 1937 முதல் 1949 வரை சாம்பியன், 25 தடவை பட்டத்தைக் காப்பாற்றினார். ஹெவிவெயிட்டில் அந்த எண்ணை இதுவரை யாரும் தொடவில்லை.

பாலம் போட்டவர்கள்

இவ்வளவும் சொன்ன பிறகு ஒப்பிட ஆதாரமே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. இரண்டு காலத்திலும் மேடை ஏறியவர்கள். 1951இல் மார்சியானோ லூயிஸை வீழ்த்தினார். 1955இல் ஆர்ச்சி மூரை. அந்த மூர் 1962இல் இளம் அலியிடம் தோற்றார். அலி 1980இல் ஹோம்ஸிடம். ஹோம்ஸ் 1992இல் ரே மெர்சரோடு மோதினார், மெர்சர் 2002இல் விளாதிமிர் க்ளிட்ச்கோவோடு, க்ளிட்ச்கோ 2015இல் ஃப்யூரியோடு, ஃப்யூரி 2024இல் உசிக்கோடு. எட்டே சண்டையில் லூயிஸிலிருந்து உசிக்வரை வந்துவிட்டோம்.

ஆனால் இந்தப் பாலத்தில் ஒரு கோணல். பெரும்பாலும் முடிந்துபோன கிழவரை அடுத்த தலைமுறை அடிப்பதாகவே இருக்கும். லூயிஸுக்கு அன்று 37. மூர் பிறந்தது 1913ஆ 1916ஆ என்றே தகராறு, அலியிடம் வரும்போது எப்படிப் பார்த்தாலும் நாற்பத்தைந்தைத் தாண்டி அல்லது தொட்டு நின்றார். மார்சியானோவுக்கு ஒன்பது ரவுண்டு ஆனது, அலிக்கு நாலே ரவுண்டு, ஆகவே அலி பெரியவர் என்றால் அது கணக்கே இல்லை. அலியைக் கடைசிச் சண்டையில் வென்ற ட்ரெவர் பெர்பிக்கை மைக் டைசன் இரண்டு ரவுண்டில் வீழ்த்தினார் என்பதை வைத்து டைசனை அலிக்கு மேலே தூக்கி வைப்பதும் அப்படித்தான்.

கிழவர் ஜெயிக்கும்போதுதான் பாலம் நமக்கு ஏதாவது சொல்கிறது. ஹோம்ஸ் மெர்சரோடு மோதியபோது வயது 42. மெர்சர் 30 வயது, 1988 ஒலிம்பிக் தங்கம், அதுவரை தோல்வியே இல்லாதவர். ஹோம்ஸ் மூலையில் சாய்ந்துகொண்டு, அடிகளைத் தோளில் வாங்கி நழுவவிட்டு, ஜேப்பை நீட்டிக்கொண்டே பன்னிரண்டு ரவுண்டையும் ஓட்டிப் புள்ளியில் ஜெயித்தார். எழுபதுகளின் பள்ளிக்கூடம் என்ன சொல்லிக்கொடுத்தது என்று தெரியவேண்டுமா, அந்த ஒரு சண்டையைப் பாருங்கள்.

அதையும் தூக்கிச் சாப்பிட்டவர் ஃபோர்மன். கின்ஷாசாவில் அலியிடம் பட்டத்தை இழந்தபோது அவருக்கு 25. 1977இல் விலகிப் பாதிரியாராகி, பத்து வருஷம் கையுறையே போடாமல் இருந்து, பருத்த உடம்போடு 1987இல் திரும்பி வந்தார். சிரித்தார்கள். 1991இல் சாம்பியன் எவாண்டர் ஹோலிஃபீல்டோடு பன்னிரண்டு ரவுண்டும் நின்றார், தோல்விதான். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. 1994 நவம்பர் 5, லாஸ் வேகஸ். எதிரில் மைக்கேல் மூரர், தோல்வியே அறியாத 26 வயதுச் சாம்பியன். ஃபோர்மனுக்கு 45.

ஒன்பது ரவுண்டும் மூரர்தான் அடித்தார். ஃபோர்மனின் இடது கண்ணோரம் வீங்கிவிட்டது. மூன்று தாளிலும் பின்னால். கால் நகராது, நகர முயலவும் இல்லை. நெருங்கி நெருங்கி வந்து, ஜேப்பால் தூரத்தை அளந்துகொண்டே இருந்தார். பத்தாவது ரவுண்டில் ஒரு இடது, உடனே ஒரு குட்டையான வலது, நேராகத் தாடையில். மூரர் மல்லாந்து விழுந்தார். நடுவர் பத்து எண்ணி முடித்ததும் ஃபோர்மன் தன் மூலைக்குப் போய் மண்டியிட்டார். இருபது வருஷத்துக்கு முன்னால் கின்ஷாசாவில் அலியின் மூலையில் நின்ற பயிற்சியாளர் ஏஞ்சலோ டன்டீ அன்றைக்கு நின்றது இவருடைய மூலையில். ஃபோர்மன் போட்டிருந்த சிவப்பு அரைக்கால் சட்டையும் கின்ஷாசாவில் தோற்ற அன்று போட்டிருந்த அதே சட்டைதான்.